ஷூவுக்குள் ஓர் இறக்கை

விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளை வேறெங்கும் பார்க்க முடியாது. விமானப்படைக் குடியிருப்பில் ஒரு வாரம் இருந்து பாருங்கள், தெரியும்.

மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் விமானத்தில் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் வைப்பார். மறந்துபோய் வலது காலை வைத்துவிட்டால், இறங்கிப் போய் மறுபடி முதலிலிருந்து ஏறுவார். கீழ்வீட்டுக்காரர் பறக்கிற நாட்களில் ஒரே ஜோடி சாக்ஸைத்தான் போடுவார். துவைத்தால் அதிர்ஷ்டமும் அழுக்கோடு போய்விடுமாம். அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரின் அதிர்ஷ்டம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். அதுதான் இறக்கை பேட்ஜ்.

பயிற்சி முடித்துப் பறக்கத் தகுதி பெற்றதும் ஒவ்வொருவருக்கும் பித்தளையில் ஒரு பேட்ஜ் தருவார்கள். நடுவில் ஒரு சின்ன வட்டம், இரண்டு பக்கமும் இரண்டு இறக்கை. அந்த முதல் பேட்ஜை யாரும் சட்டையில் குத்திக்கொள்வதில்லை. குத்திக்கொள்ள வேறொன்று வாங்கிக்கொள்வார்கள். முதல் பேட்ஜைப் பட்டறைக்கு எடுத்துப் போய், குறட்டில் பிடித்து, வளைத்து வளைத்து இரண்டாக ஒடித்துவிடுவார்கள். ரம்பம் போட்டு அறுக்கக் கூடாது. தானாக எந்தக் கோணல் கோட்டில் ஒடிகிறதோ, அப்படித்தான் ஒடிய வேண்டும்.

ஒரு பாதி பறக்கிறவரின் சட்டைப் பையில் இருக்கும். இன்னொரு பாதி வீட்டில் அவருக்கு உயிரானவரிடம் இருக்கும். பறக்கிறவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டு பாதியும் ஒன்றுசேரக் கூடாது. சேர்ந்தால் ஆபத்து. அவர் போன பிறகுதான் இரண்டையும் சேர்த்து வைப்பார்கள்.

கொக்கியின் அம்மா சரக்கு விமானம் ஓட்டுகிறவர். அம்மாவின் பேட்ஜில் வீட்டுப் பாதி கொக்கியிடம்தான் இருந்தது. நியாயமாக அது அப்பாவிடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா எதையும் தொலைப்பதில் கெட்டிக்காரர். "நான் வெச்சிருந்தா ஒரு வாரம் தாங்காது, நீயே வெச்சுக்கோ" என்று மகளிடம் கொடுத்துவிட்டார். கொக்கி அதை அலமாரியில் ஓர் ஒற்றை சாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்த சாக்ஸின் ஜோடியைத் தொலைத்ததும் அப்பாதான்.

கொக்கி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஒரு கேள்வியை மாட்டிவிட்டாள் என்றால் பதில் வரும்வரை விடமாட்டாள். வயது பதினொன்று.

எதிர்வீட்டுப் பையனுக்குப் பட்டப்பெயர் பம்பரம். ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் நிற்கமாட்டான். மாடிப்படியை நான்கு நான்காகத் தாண்டுவான். வகுப்பில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், அவன் வேறு பெஞ்சில் இருப்பான்.

இரண்டு மாதமாக அந்தப் பம்பரம் சுற்றவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவனுடைய அப்பா ஓட்டிப் போன விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. அந்த மேகத்துக்குள் ஒரு மலை இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்கள் அதையே பதினெட்டுப் பக்கத்தில் எழுதி, கடைசியில் "மோசமான வானிலை" என்று முடித்தார்கள்.

பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இன்னொன்றில் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பறக்கிறவர் இல்லாத குடும்பம் அந்தக் குடியிருப்பில் இருக்க முடியாது, அது சட்டம். இரண்டு கடிதமும் ஒரே நிறக் கவரில், ஒரே ஆளின் கையெழுத்தோடு வந்திருந்தன.

வருகிற சனிக்கிழமை வண்டி வந்து சாமான்களை ஏற்றிப் போகப் போகிறது. அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, அஞ்சலிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் பம்பரத்தின் அப்பாவுடைய பேட்ஜின் இரண்டு பாதியையும் சேர்த்து வைப்பார்கள்.

ஆனால் வீட்டுப் பாதியைக் காணவில்லை.

"இந்த டப்பாவுலதான் இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா இதுலதான் இருந்துச்சு" என்றார் பம்பரத்தின் அம்மா. அவரைக் கொக்கி அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அத்தை பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் போட்டார். அது ஐந்தாவது தடவை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இஸ்திரி மாமா வந்தார். அவர்தான் படைப்பிரிவின் தலைமை அதிகாரி. அவருடைய சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர் கையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. உள்ளே நீல வெல்வெட். பேட்ஜின் அளவுக்கு அதில் பள்ளம் வெட்டியிருந்தார்கள்.

"கிடைச்சுடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார். பாதி காலியா இருந்தா நல்லா இருக்காது. வேணும்னா வேற ஒரு பேட்ஜை ஒடிச்சு..."

அத்தை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். இஸ்திரி மாமாவின் சட்டையே கசங்கிப் போனது போல் இருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேசையில் ஏற்கெனவே ஒரு சின்னக் கவர் வாய் ஒட்டியபடி கிடந்தது. மலையிலிருந்து கொண்டுவந்த பாதி அதற்குள் இருந்தது. பம்பரத்தின் அப்பாவுடைய கைக்கடிகாரமும் பேனாவும் அதோடுதான் வந்தன. அவற்றை அத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கவரை மட்டும் பிரிக்கவில்லை. இன்னொரு பாதி கிடைத்ததும் பிரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கொக்கி தேடினாள். அலமாரிக்கு அடியில், மெத்தைக்கு அடியில், கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளை அவிழ்த்து, மறுபடி கட்டி. கொக்கியின் அப்பாவும் வந்து தேடினார். தேடப் போன இடத்தில் தன் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, பிறகு எல்லாரும் அதைத் தேடினார்கள். அன்றைக்கு அத்தை முதல்தடவையாகச் சிரித்தார். சிரித்ததும் அழுதுவிட்டார்.

பம்பரம் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தான். அவன் மட்டும் தேடவில்லை. கொக்கி அதைக் கவனித்தாள்.

"நீ ஏண்டா தேடல?"

"கால் வலிக்குது."

உண்மைதான். அவன் பல நாளாக நொண்டிக்கொண்டிருந்தான். கேட்டால் ஷூ கடிக்கிறது என்பான். கடிக்கிற ஷூவை வீட்டுக்குள்ளும் ஏன் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

*

புதன்கிழமை வகுப்பில் டீச்சர் சுவரில் இருந்த படங்களைக் கழற்றச் சொன்னார். "என் வீட்டில் யாருக்கு என்ன வேலை" என்ற தலைப்பில் எல்லாரும் வரைந்த படங்கள். கொக்கி ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் பம்பரத்தின் படம் இருந்தது. பெரிய விமானமெல்லாம் இல்லை. தாள் நடுவே ஓர் இறக்கை பேட்ஜ் மட்டும், நிஜமான அளவில். பேட்ஜைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறான். கீழே சிவப்பு மையில் "மிக நன்று". பக்கத்தில் ஒரு நட்சத்திரம். தேதி, மலை இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை.

கொக்கி படத்தை மடிக்கப் போனவள் நின்றுவிட்டாள். பேட்ஜின் நடுவில், வட்டத்துக்குக் குறுக்கே, ஒரு கோணல் கோடு ஓடியது.

சட்டையில் குத்துகிற பேட்ஜில் அப்படிக் கோடு கிடையாது. அது ஒடிந்த கோடு. ஒடிந்த பேட்ஜை முழுசாக வரைய வேண்டுமென்றால் இரண்டு பாதியையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

படத்தை நான்காக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

"ஷூவைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நோட்டிலிருந்து படத்தை எடுத்து விரித்தாள். அவன் கீழே உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினான். சாக்ஸில் இரத்தக் கறை இருந்தது. உள்ளங்காலுக்கு அடியிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து மண்ணில் வைத்தான். முனைகள் தேய்ந்து, சோப்புத் துண்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"வீட்ல வெச்சா அம்மா கண்டுபிடிச்சுடுவாங்க. அதான்" என்றான்.

"கண்டுபிடிச்சா என்ன? அவங்க இதைத்தானே தேடறாங்க?"

"இது வீட்டுப் பாதி இல்ல. இது அப்பாவோடது."

கொக்கிக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாதியை எடுத்தான். டப்பாவிலிருந்து இன்னொரு பாதியை எடுத்தான். சேர்த்து வைத்து வரைந்தான். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவசரத்தில் ஒன்றைப் பையில் போட்டான், ஒன்றை டப்பாவில் போட்டான்.

"கவர் வந்தப்ப மேல தடவிப் பாத்தேன். வரிவரியா இருந்துச்சு. அப்பாவோடது வழுவழுன்னு இருக்கும். பறக்கறதுக்கு முன்னாடி கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. அப்பதான் தெரிஞ்சுது, மாத்தி வெச்சிருக்கேன்னு. அம்மா கவரைப் பிரிச்சா, நான்தான் சேத்தேன்னு தெரிஞ்சுடும். அதான் டப்பாவுல இருந்தத எடுத்து ஒளிச்சுட்டேன்."

"தெரிஞ்சா திட்டுவாங்க. அவ்வளவுதானே?"

"நான் சேத்தது திங்கக்கிழமை சாயங்காலம்." அவன் துண்டை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். "மறுநாள் அப்பா செத்துட்டாரு. நான்தாண்டி கொன்னேன்."

பதினொரு வயதில் ஒருவன் இரண்டு மாதமாக இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறான். அதுவும் ஷூவுக்குள் வைத்து. மந்திரிக்கு எத்தனை நாற்காலி போடலாம் என்று பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒருவர்கூட அவன் காலைப் பார்க்கவில்லை. எனக்கு இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

"அதெல்லாம் சும்மாடா. பித்தளைத் துண்டுக்கு என்ன தெரியும்?" என்றாள் கொக்கி.

"சும்மாவா?" அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அப்போ நீ சேர்த்துக் காட்டு. உங்கம்மாவோடத. நாளைக்கு அவங்க பறக்கப் போறாங்க இல்ல? சேர்த்துக் காட்டு பாக்கலாம்."

கொக்கி படத்தை மறுபடி நான்காக மடிக்க ஆரம்பித்தாள்.

"பாத்தியா?" என்றான் பம்பரம். ஷூவை மாட்டிக்கொண்டான், அந்தத் துண்டோடு சேர்த்து. நொண்டி நொண்டி நடந்தான்.

அவன் சைக்கிள் கொட்டகையைத் தாண்டும்வரை அவள் அசையவில்லை. பிறகு கூப்பிட்டாள்.

"காலைல ஆறரைக்கு எங்க வீட்டுக்கு வா."

*

அவளுக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். பாதி ராத்திரிவரை தூக்கம் வரவில்லை. பித்தளைக்கு ஒன்றும் தெரியாது என்று தலை சொன்னது. ஒருவேளை தெரிந்தால் என்று வயிறு சொன்னது. அம்மாவிடம் கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து போய், இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டால் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் பம்பரம் அப்படியே நொண்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவான்.

காலையில் அம்மா குளிக்கப் போனார். அம்மா பறக்கும்போது போடுகிற பச்சை ஓவரால் கதவுக்குப் பின்னால் தொங்கியது. பம்பரம் சமையலறை வாசலில் நின்றான். கொக்கி ஓவராலின் பை ஜிப்பைத் திறந்து அம்மாவின் பாதியை எடுத்தாள். ஒற்றை சாக்ஸை உதறித் தன் பாதியை எடுத்தாள். இரண்டையும் சமையல் மேசையில் வைத்தாள்.

"நெஜமாவே பண்ணப் போறியா?" என்றான் பம்பரம். "வேணாம். நான் சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொல்லல."

அவள் இரண்டு பாதியையும் நகர்த்தினாள். கோணல் கோட்டோடு கோணல் கோடு பொருந்தி, டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. இருவரும் மூச்சு விடவில்லை. மேசை மேல் முழு இறக்கை ஒன்று கிடந்தது. குழாயில் தண்ணீர் சொட்டியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதாக இருந்தால் அங்கேயா நடக்கும்?

எந்தப் பாதி யாருடையது என்று நன்றாகப் பார்த்து, அம்மாவுடையதைத் திரும்பப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது.

அம்மா கிளம்பும்போது, "என்ன இன்னிக்கு ரெண்டு பேரும் இவ்வளவு அமைதி? எதையாவது உடைச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் கொக்கி. அது உண்மைதான். ஆனாலும் அவ்வளவு பெரிய பொய்யை அவள் அதுவரை சொன்னதில்லை.

பள்ளியில் என்ன பாடம் நடந்தது என்று இருவருக்கும் தெரியாது. நாலு மணிக்கு விமானம் திரும்ப வேண்டும். மூன்றரைக்கே இருவரும் குடியிருப்பின் பின்பக்க வேலிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து ஓடுபாதையின் ஒரு முனை தெரியும்.

நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. வானத்தில் ஒன்றும் இல்லை.

"லேட்டாகும். சில நாள் ஆகும்" என்றாள் கொக்கி. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பம்பரம் அழ ஆரம்பித்தான். "நான் சொல்லியிருக்கக் கூடாது. என்னாலதான். மறுபடியும் என்னாலதான்."

"வாயை மூடு" என்று கத்தினாள் கொக்கி. அம்மா, அம்மா, அம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலு இருபத்தைந்துக்கு முதலில் சத்தம் வந்தது. பிறகு ஒரு புள்ளி. பிறகு வாலில் ஏழு என்று எழுதிய விமானம், சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது. ஓடுபாதையைத் தொட்டதும் குட்டியாகப் புகை வந்தது. கொக்கி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியாடா? ஒண்ணும் ஆகல. உன்னால இல்ல. நீ ஒண்ணுமே பண்ணல."

அவன் குதிப்பான், சிரிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கம்மா வந்துட்டாங்க" என்றான்.

"ஆமா."

"அப்போ எங்கப்பா ஏன் வரல?"

எல்லாருடைய பதிலையும் பிடுங்கி எடுக்கிற கொக்கி அன்றைக்குப் புல்லைப் பிடுங்கினாள். தப்பு தன்னுடையது என்று நினைத்திருந்தவரை அவனுக்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"தெரியலடா" என்றாள்.

அவன் வேலியோரம் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். இரண்டு மாதத்தில் அவன் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. கொக்கி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் அழுது முடித்ததும் மூக்கைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு அவன் ஷூவைக் கழற்றினான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நீயும் வா" என்றான். "தனியாப் போகப் பயமா இருக்கு."

*

அத்தை அட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். பம்பரம் துண்டை அவர் முன்னால் மேசையில் வைத்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். படம், குளியலறைக் கதவு, டப்பா, ஷூ, காலையில் கொக்கி சேர்த்துக் காட்டியது. சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

அத்தை அடிக்கவில்லை. துண்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தச் சின்னக் கவரை இழுத்து, ஓரத்தைக் கிழித்துக் கவிழ்த்தார்.

உள்ளங்கையில் விழுந்த பாதியில் இறகுகளின் வரிகள் புதுசு போலக் கூராக இருந்தன. ஓர் ஓரம் மட்டும் கருத்திருந்தது.

"இது என்னோடது" என்றார் அத்தை மெதுவாக.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷம் பொத்தானோட பொத்தானாக் கிடந்துச்சு. ஒருநாள்கூடப் பறந்ததில்ல." அவர் அந்தக் கருத்த ஓரத்தைத் துடைத்தார். அது போகவில்லை. "கடைசி நாள் என்னோடதுதான் அவர்கூடப் போயிருக்கு. அவரோடது என்கிட்ட இருந்திருக்கு. எனக்கு இது தெரியவே இல்ல."

"சேத்ததாலதான் அப்பா..." என்று ஆரம்பித்தான் பம்பரம்.

"அந்த மலை நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே அங்கதாண்டா இருக்கு" என்றார் அத்தை. "நீ படம் வரைஞ்சதால அது நகர்ந்து வரல." பிறகு அவன் காலைப் பார்த்தார். முகம் மாறியது. "இதை எத்தனை நாளா ஷூவுக்குள்ள வெச்சுட்டு நடந்தே? இங்க வா. காலைக் காட்டு. காட்டுன்னு சொல்றேன் இல்ல?"

அவனைப் பெட்டி மேல் உட்கார வைத்து வெந்நீரில் காலைக் கழுவினார். கழுவிக்கொண்டே அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். கொக்கி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே அத்தை எதிர்வீட்டுக்கு வந்து கொக்கியின் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். கொக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"லேட்டானது உன்னால இல்ல" என்றார் அம்மா. "ஓடுபாதையில ஒரு நாய் வந்து படுத்துக்கிச்சு. அதைத் துரத்தற வரைக்கும் ரொம்ப தூரத்துலயே சுத்திட்டு இருந்தோம்." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அம்மா இரண்டு தடவை ஓவரால் பையைத் தொட்டுப் பார்த்ததைக் கொக்கி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மந்திரி இருபது நிமிஷம் பேசினார். பம்பரத்தின் அப்பா பெயரை ஒரு தடவை தப்பாகச் சொன்னார். இஸ்திரி மாமா நீல வெல்வெட் பெட்டியைத் திறந்து நீட்டி, இரண்டு பாதிகளையும் வாங்கக் கையை நீட்டினார். அத்தை அவரிடம் கொடுக்கவில்லை. மகனிடம் கொடுத்தார்.

"நீயே சேர்" என்றார். "இது எப்படிப் பொருந்தும்னு உனக்குத்தான் தெரியும்."

பம்பரம் கட்டுப் போட்ட காலோடு முன்னால் போனான். வழுவழுப்பான பாதியை முதலில் வைத்தான். வரிவரியான பாதியைப் பக்கத்தில் வைத்து மெல்லத் தள்ளினான். டிக் என்றது. அவ்வளவு பெரிய கூடத்தில் அது எல்லாருக்கும் கேட்டது. பறக்கிறவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை வண்டி வந்தது. ஏறும்போது பம்பரம், "வேலிப் பக்கம் போனா எனக்கும் சேத்துப் பாரு" என்று சொன்னான். கொக்கி தலையாட்டினாள். மத்தியானமே எதிர்வீட்டுக் கதவில் வேறு பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஆணிகூடப் பழைய ஆணிதான்.

திங்கட்கிழமை காலை அம்மா பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கொக்கி ஒற்றை சாக்ஸோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு என்னோடத எடுத்துட்டுப் போம்மா, அதுவும் உன்கூடப் பறக்கட்டும். உன்னோடத எனக்குக் குடு."

அம்மா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டும் ஒண்ணு சேரக் கூடாதுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும். அதான் சீக்கிரம் மாத்துன்னு சொல்றேன்."

அம்மா எதிர்வீட்டுக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜிப்பைத் திறந்து தன் பாதியை எடுத்து மகளின் கையில் வைத்தார். அம்மாவின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. வாலில் ஏழு என்று எழுதிய விமானம் இறங்கும்வரை கொக்கி அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.